‘வேண்டாம்’ என்ற பிறகு

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் என்பது காகிதத்தில் எங்கள் வேலைக்கு உள்ள பெயர். ஆஸ்பத்திரியில் ‘கோஆர்டினேட்டர் மேடம்’. ஐசியுவிலிருந்து எங்களைக் கூப்பிட்டால், அங்கே ஒருவருக்கு மூளைச்சாவு உறுதியாகப் போகிறது என்று பொருள். தென்மாவட்டத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அந்த ஒருவர் பெரும்பாலும் வாலிபப் பையன். நாற்கரச் சாலையில் பைக்கில் போனவன், தலைக்கவசம் இல்லாதவன். வெளியே வராந்தாவில் அவனுடைய ஊரே உட்கார்ந்திருக்கும். உங்கள் பிள்ளை இறந்துவிட்டான் என்று டாக்டர் சொன்ன பிறகு அவர்களிடம் போய், அவனுடைய சிறுநீரகத்தையும் கல்லீரலையும் இதயத்தையும் கண்களையும் தருவீர்களா என்று கேட்பதுதான் என் தொழில்.

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பிழைக்கிறவளுக்கு மனிதர்களின் நம்பிக்கைகள் நெருக்கத்தில் தெரியவரும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒருவர் சொல்லிக்கொள்ளும் நம்பிக்கை வேறு. பெற்ற பிள்ளையின் உடம்பு கண்முன்னே கிடக்கும்போது அவருக்குள்ளிருந்து எழுந்து வருவது வேறு. அந்த நம்பிக்கையை எதிர்கொள்கிற மற்றவர்களையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டாக்டர்கள், நர்சுகள், உறவுக்காரர்கள், எங்கள் தொழிலில் இருப்பவர்கள். எல்லோரும் இரக்கமுள்ளவர்கள். அவர்களே அடுத்தவரின் நம்பிக்கைக்கு முன்னால் ஏன் இவ்வளவு சீக்கிரம் பொறுமை இழக்கிறார்கள் என்ற கேள்வி என்னை விட்டதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வராந்தாவில் நாங்கள் ஒரு குடும்பத்தை ஏற்கச் சொல்வது சாதாரண விஷயமல்ல. பையனின் நெஞ்சு ஏறி இறங்குகிறது. உடம்பு சூடாக இருக்கிறது. மானிட்டரில் இதயத் துடிப்பு ஓடுகிறது. தாய் அவன் பாதத்தைத் தொட்டுவிட்டு வெளியே வந்து, “சூடா இருக்கானே தாயி, எப்படிப் போயிட்டான்னு சொல்றீக?” என்று கேட்கிறாள். மூளைத்தண்டு செத்துவிட்டது, மூச்சு வென்டிலேட்டருடையது, இனி திரும்ப வழியில்லை என்று மருத்துவம் சொல்கிறது. 1994-ல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்றளிக்கிறது. கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள், காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் அப்னியா டெஸ்ட். வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் விட்டுவிட்டு, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற அந்த உடம்பு ஒரு மூச்சாவது தானாக இழுக்கிறதா என்று காத்திருப்பார்கள். இழுக்காது. அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அது மரணம்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தத் தாய் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவளுக்கு மரணம் என்பது மூச்சு அடங்குவது, உடம்பு குளிர்வது. அவளுடைய பாட்டிக்கும் அதுதான், பாட்டியின் பாட்டிக்கும் அதுதான். மரணத்துக்கு மருத்துவம் இந்தப் புது வரையறையைத் தந்ததே 1968-ல்தான், ஹார்வர்டில் கூடிய ஒரு குழுவின் அறிக்கையில். அதே ஆண்டு ஜப்பானின் சப்போரோவில் நடந்த முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை பெரிய சர்ச்சையாகி, 1997-ல் சட்டம் வரும்வரை அந்த நாட்டில் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து இதயம் எடுப்பதே நின்றுபோனது. அறிவியலில் நம்மை விடப் பல படி முன்னே நின்ற ஒரு சமூகம் அதை ஏற்க முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. உசிலம்பட்டிப் பக்கத்து அம்மாவிடம் நாம் அரை மணி நேரம் கொடுத்துவிட்டு, “எவ்வளவு சொன்னாலும் புரியமாட்டேங்குதே” என்று சலித்துக்கொள்கிறோம்.

பிறர் நம்பிக்கையை மதிக்க முடியாததற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான்: நம்முடையது நமக்கு நம்பிக்கையாகத் தெரிவதே இல்லை. அது உண்மையாக, இயல்பாக, எல்லோருக்கும் தெரிந்ததாகத் தெரிகிறது. அடுத்தவருடையதுதான் நம்பிக்கை. அதிலும் கொஞ்சம் விலகியிருந்தால் மூடநம்பிக்கை.

ஒரு விவசாயக் குடும்பம். இறந்த பையனுக்கு அப்பா இல்லை. முடிவெடுக்க வேண்டியவர் பெரியப்பா. சிறுநீரகம், கல்லீரல் எல்லாவற்றுக்கும் அவர் சம்மதித்துவிட்டார். கண் மட்டும் கூடாது என்றார். “கண்ணை எடுத்துட்டா அடுத்த பிறப்புல குருடாப் பிறப்பான். அதுக்கு மட்டும் என்னைக் கேக்காதீக.” பணியில் இருந்த இளம் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “கிட்னி போனா பரவாயில்லையாம், கண்ணு போனாதான் அடுத்த ஜென்மத்துக்கு ஆகாதாம்” என்று நர்ஸ் ஸ்டேஷனில் சொன்னார். சிலர் சிரித்தார்கள். கல்லூரியிலிருந்து வந்திருந்த எங்கள் சமூகப்பணியாளர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், பெரியவரிடம் கண்ணப்ப நாயனார் கதையை எடுத்தார். ஈசனுக்கே கண்ணைக் கொடுத்தவர் நம் ஊரில் சாமியாக இருக்கிறாரே என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “கண்ணப்பன் தன் கண்ணைக் குடுத்தான், தம்பி. எம்புள்ள கண்ணைக் குடுக்க நான் யாரு?”

அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. மறுபிறவிப் பேச்சுக்கு உள்ளே அவர் வைத்திருந்தது ஓர் அறக்கேள்வி. பேச முடியாமல் கிடப்பவனின் உடம்பின் மேல் எனக்கு எவ்வளவு உரிமை என்று கேட்கிறார். உலகெங்கும் மருத்துவ அறம் பேசுகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் கேள்வி அது. அவர் அதைத் தன் மொழியில், தனக்குத் தெரிந்த பிறவிக் கணக்கில் சொன்னார். சிரித்தவர்களுக்கு மேல்தோல் மட்டும்தான் கண்ணில் பட்டது.

இலங்கையைப் பாருங்கள். அங்கேயும் மறுபிறவி நம்பிக்கைதான். ஹட்சன் சில்வா என்ற மருத்துவர் 1961-ல் தொடங்கிய கண் தானச் சங்கம் அந்தத் தீவின் கண்களைப் பல நாடுகளுக்கு அனுப்பி வைத்தது. முந்தைய பிறவியில் தன் கண்களைத் தானம் செய்த போதிசத்துவரின் கதையில் வளர்ந்த பௌத்தர்களுக்கு, கண் கொடுப்பது அடுத்த பிறவிக்குச் சேர்க்கும் புண்ணியம். ஒரே மறுபிறவிக் கோட்பாடு இங்கே ஒரு பெரியவரைத் தடுக்கிறது, அங்கே ஒரு தேசத்தையே கொடுக்க வைக்கிறது. கொடுத்தால் பக்தி, மறுத்தால் மூடத்தனம் என்று பெயர் வைப்பது நாம்தான். நமக்கு வேண்டிய பக்கம் விழுந்த நம்பிக்கையை யாரும் கேலி செய்வதில்லை.

அந்தச் சிரிப்பு நடந்த அதே ஐசியுவில், ஆயுத பூசை அன்று எல்லா வென்டிலேட்டர்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சாமி படம் உண்டு. கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் அதைத் தொட்டுக் கும்பிடாத சர்ஜனை நான் அதிகம் பார்த்ததில்லை. அஷ்டமி, நவமியில் புது வேலை தொடங்காத பேராசிரியர்கள் உண்டு. இவை தவறு என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கும் அந்தக் குங்குமம் வேண்டும். அது எங்களைப் பொறுப்போடு வைத்திருக்கிறது என்று நம்புகிறேன். பெரியவரின் கண்ணும் எங்கள் குங்குமமும் ஒரே இடத்திலிருந்து வருபவை என்பது அந்த நர்ஸ் ஸ்டேஷனில் யாருக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

மதிப்பின்மைக்கு இன்னொரு முகம் உண்டு. அது மரியாதை போலவே நடந்துவரும். ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பையன் மூளைச்சாவு அடைந்தபோது, “அவங்க மதத்துல ஒத்துக்கமாட்டாங்க மேடம், கேட்டு ஏன் மனசைப் புண்படுத்தணும்?” என்றார் ஒரு மூத்த டாக்டர். நான் போய்க் கேட்டேன். அவனுடைய அத்தா உடனே பதில் சொல்லவில்லை. ஊரிலிருந்து ஹஜ்ரத்தை அழைத்துவரச் செய்தார். இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1982-லேயே உறுப்பு தானத்தை அனுமதித்தது. 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி மூளைச்சாவை மரணமாக ஏற்றது. இதை ஏற்காத மார்க்க அறிஞர்களும் நம் துணைக்கண்டத்தில் உண்டு. இரண்டு பக்கமும் அந்த ஹஜ்ரத்துக்குத் தெரிந்திருந்தது. முடிவில் அத்தா சம்மதித்தார், அம்மா மறுத்தார். “எம்புள்ளை முழுசா மண்ணுக்குள்ள போகட்டும்” என்றார். அத்தா, “பெத்தவ சொல்லிட்டா, அதுக்கு மேல நான் பேச மாட்டேன்” என்று முடித்துக்கொண்டார். உறுப்பு கிடைக்கவில்லை. ஆனால் போகும்போது என்னிடம் வந்து, “எங்களையும் ஒரு ஆளா மதிச்சுக் கேட்டீங்கம்மா” என்றார்.

ஒரு மதத்தின் பெயரைக் கேட்டதும் அதற்குள் இருக்கும் எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள் என்று எடுத்துக்கொள்வதை நாம் நாகரிகம் என்று நினைக்கிறோம். மனிதரைப் பார்க்க மறுப்பதுதான் அது. அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. கேட்காமல் விட்டிருந்தால் இரண்டையும் நாங்கள் அவமதித்திருப்போம்.

கடவுள் மறுப்பாளர்கள் இதற்கு விதிவிலக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருந்தார். மகன் போன செய்தி கேட்டு ஒரு மணி நேரத்துக்குள் அவராகவே என்னைத் தேடி வந்து, “எதெல்லாம் பயன்படுமோ எல்லாத்தையும் எடுத்துக்குங்க. உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்திடுறேன். சடங்கு எதுவும் கிடையாது” என்றார். விபத்து வழக்கு என்பதால் பிரேதப் பரிசோதனை கட்டாயம். அப்படி அறுத்த உடம்பை உடற்கூறியல் துறையினர் பொதுவாக ஏற்பதில்லை என்று விளக்கினேன். வருத்தத்தோடு ஒத்துக்கொண்டார். அப்போதுதான் அவருடைய மனைவி வாயைத் திறந்தார். “நீங்க சொன்ன எதுக்கும் இத்தனை வருசம் நான் மறுத்துப் பேசல. எம்புள்ளைக்கு நான் வாய்க்கரிசி போடணும்.” அவர் முகம் சிவந்தது. ஊர் முழுக்க மேடையில் பேசியவர், தன் வீட்டிலேயே தன் கொள்கை தோற்றதாக நினைத்திருக்க வேண்டும். மைத்துனர்கள் ஒரு பக்கம், தோழர்கள் ஒரு பக்கம் என்று குரல் ஏறியது.

இங்கேதான் இரண்டாவது காரணத்தைக் கண்டேன். அடுத்தவரின் நம்பிக்கை நம்மைக் குத்துவது, அது தவறு என்பதால் மட்டும் அல்ல. அதற்கு இடம் கொடுத்தால் இத்தனை நாள் நாம் நின்ற இடம் பொய்யாகிவிடுமோ என்ற பயத்தால். கொள்கைக்காக உறவு, வேலை, ஊர் மதிப்பு எல்லாவற்றையும் விலையாகக் கொடுத்தவருக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். அதேபோல, விரதமும் பூசையுமாக வாழ்ந்தவருக்கு ஒரு நாத்திகர் நிம்மதியாக இருப்பதைப் பார்க்கவே பொறுக்காது. வாதத்தால் இந்தப் பயம் தீராது. இரண்டு பக்கமும் ஆதாரம் அடுக்க அடுக்க அது வளரவே செய்யும்.

அந்த மனிதர் வராந்தாவின் கடைசிவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். “நான் போடமாட்டேன். நீ போடு” என்று மனைவியிடம் சொன்னார். அறுவை முடிந்து பையனைக் குளிப்பாட்டித் துணி சுற்றிய பிறகு, அந்த அம்மா அரிசி போட்டபோது அவர் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். கையைக் கட்டிக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த அரிசியில் அவருக்கு அணுவளவும் நம்பிக்கை வரவில்லை. வர வேண்டியதும் இல்லை. மதிப்பது என்றால் ஏற்பது என்று நினைக்கிறவர்கள்தான் மதிக்கத் தயங்குகிறார்கள். ஏற்காமலேயே ஒருவருக்கு இடம் விட்டு நிற்க முடியும் என்பதை அவர் எந்தச் சொற்பொழிவிலும் இல்லாத அளவுக்குத் தெளிவாகக் காட்டினார்.

சட்டங்களில்கூட இப்படி இடம் விட்டவை உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1991-ல் இயற்றிய சட்டம், மூளைச்சாவை மரணமாக ஏற்கிறது. அதே சமயம், தன் மத நம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்பவருக்கு, இதயமும் மூச்சும் நின்ற பிறகே மரணம் அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மருத்துவ உண்மையில் அந்த மாநிலத்துக்குச் சந்தேகம் இல்லை. இருந்தும் இடம் விட்டது.

நம் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் பிரிவு இருக்கிறது. வாரம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், கையில் ஊசி குத்திக்கொண்டு படுத்திருப்பவர்கள். கணவர் கைவிட்ட பெண்கள் அங்கே உண்டு, படிப்பை விட்ட பையன்கள் உண்டு. என்னைக் கண்டதும், “அக்கா, ஏதாவது வந்துச்சா?” என்று கேட்பார்கள். மேலே ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்ன அன்று அந்த வழியாக நடப்பது கொடுமை. கடிகாரமும் சும்மா இருப்பதில்லை. எடுத்த இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் தாங்கும், கல்லீரல் பன்னிரண்டு, சிறுநீரகம் ஒரு நாள் வரை. 2008-ல் ஹிதேந்திரன் என்ற மாணவனின் இதயம் சென்னைச் சாலைகளில் பறந்து போனதைத் தமிழ்நாடே பார்த்தது. அந்தப் பெற்றோரின் மனத்துக்கு ஈடு இல்லை. உறுப்பு தானம் உயர்ந்த செயல் என்பது என் உறுதியான நம்பிக்கை. நான் வாழ்க்கையைக் கொடுத்திருப்பது அதற்குத்தான்.

அதனால்தான் மதிப்பது இவ்வளவு கடினமாக இருக்கிறது. நமக்கு அக்கறையில்லாத விஷயத்தில் யாருடைய நம்பிக்கையையும் மதித்துவிடலாம். அது மரியாதை அல்ல, அலட்சியம். அடுத்தவரின் நம்பிக்கைக்கு உண்மையான விலை இருக்கும்போது, அந்த விலையை நமக்கு வேண்டியவர் கொடுக்க நேரும்போதுதான் சோதனை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறுக்குவழி பழக்கமாகிவிட்டது. குடும்பத்தின் நம்பிக்கையைக் கவனமாகக் கேள், தலையாட்டு, அவர்கள் மதத்திலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துச் சொல், சம்மதம் வாங்கு என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் சம்மதத்துக்காக மட்டுமே கேட்பது, மீனுக்குப் புழு காட்டுவது போன்றது. எதிரில் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும். கண்ணப்பன் கதை சொன்னவரிடம் அந்தப் பெரியவர் கண்டுகொண்டது அதைத்தான்.

ஒரு வார்டில் பிறர் நம்பிக்கைக்கு மதிப்பு இருக்கிறதா என்பதை நான் ஒரே இடத்தில்தான் பார்ப்பேன்: ‘வேண்டாம்’ என்ற சொல் வந்த பிறகு. அதுவரை எல்லோரும் அன்பானவர்கள். நாற்காலி வரும், தண்ணீர் வரும், பெரிய டாக்டரே வந்து தோளில் கை வைப்பார். ‘வேண்டாம்’ என்றதும் சில ஆஸ்பத்திரிகளில் அந்த நாற்காலி காலியாவதைக் கண்டிருக்கிறேன். யாரும் திட்டுவதில்லை. யாரும் வருவதில்லை, அவ்வளவுதான். போலீஸ் மெமோ எங்கே, விசாரணை அறிக்கை யாரிடம், பிணவறைக்கு எப்போது கொண்டுபோவார்கள் என்று கேட்டுக் கேட்டு அந்த மக்கள் அலைகிறார்கள். நம்பிக்கைக்கு அபராதம் கட்டுவது போல அது அவர்களுக்குத் தோன்றும், தோன்றினால் தப்பில்லை.

விதிகளிலும் இந்தச் சாய்வு வரக்கூடும். சூரியன் மறைந்த பிறகு பிரேதப் பரிசோதனை கூடாது என்ற பழைய நடைமுறையை 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மாற்றியது. வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இரவிலும் செய்யலாம் என்றது. கொலை, தற்கொலை போன்ற சந்தேக வழக்குகளுக்கு விலக்கு வைத்தது. உறுப்பு தானம் செய்தவர்களுக்கு முன்னுரிமை என்றும் சொன்னது. அது நியாயமான முன்னுரிமை. ஆனால் அந்த ஆணை தானம் செய்யாதவருக்கு இரவைத் தடுக்கவில்லை. வசதி இருந்தும், “நீங்கதான் குடுக்கலையே, காலையில வாங்க” என்று ஒரு குடும்பத்தை நிறுத்தி வைத்தால், மறுநாள் வரை அடக்கம் தள்ளிப்போகிற அந்த முஸ்லிம் தாய்க்கு நாம் சொல்வது என்ன? 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அறிவித்தபோது நான் மனம் நிறைந்து வரவேற்றேன். கொடுத்தவரைக் கௌரவிப்பது கடமை. கொடுக்காதவரைக் குற்றவாளி போல நடத்துவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு குடும்பம் மறுத்துவிட்டால் அவர்களிடம் காரணம் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் திருத்தாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்களே போன் செய்யுங்கள். பிணவறைக்குக் கூடவே நடந்து போங்கள். குளிப்பாட்ட வேண்டும் என்றால் தண்ணீருக்கும் மறைப்புக்கும் ஏற்பாடு செய்யுங்கள். வாய்க்கரிசி போட வேண்டும் என்றால் தட்டு தேடிக் கொடுங்கள். ஜெபம் செய்ய வேண்டும் என்றால் ஓர் அறையைத் திறந்து விடுங்கள். சம்மதம் தந்த குடும்பத்துக்கு எத்தனை கையெழுத்துக்காக ஓடுவீர்களோ, அத்தனைக்கும் ஓடுங்கள். வண்டி கிளம்பும்வரை அங்கேயே இருங்கள். அதற்குப் பிறகு கீழே போய், டயாலிசிஸ் பிரிவில் காத்திருப்பவர்களிடம், இன்றைக்கு இல்லை என்று நீங்களே சொல்லுங்கள்.